மிரர்லெஸ் கேமராவில், கண்ணை வைத்துப் பார்க்கும் வ்யூஃபைண்டருக்குப் பதில் பின்திரையைப் பார்த்து ஃபோகஸ் செய்தால் துல்லியம் குறையுமா?

குறையாது. உள்ளே கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர் கேமராவில் வ்யூஃபைண்டர் வழியாகப் பார்க்கும்போது ஃபோகஸுக்கென்று தனி சென்சார் வேலை செய்யும்; திரைக்கு மாறினால் முறையே மாறிவிடும். மிரர்லெஸ்ஸில் இரண்டிலும் தெரிவது ஒரே பட சென்சாரின் காட்சிதான். ஃபோகஸும் அங்கேயே நடப்பதால், எதில் பார்த்தாலும் ஒன்றுதான்.

வித்தியாசம் பார்ப்பதிலும் பிடிப்பதிலும் வருகிறது. கையை நீட்டிப் பிடித்தால் உடல் லேசாக முன்னும் பின்னும் அசையும். எஃப் 1.8 போன்ற லென்ஸின் அகலத் திறப்பில், கிட்டத்தில் இருக்கும் முகத்தை எடுக்கும்போது, அந்தச் சின்ன அசைவிலேயே கண்ணிலிருந்த ஃபோகஸ் காதுக்குப் போய்விடும். முழங்கைகளை விலாவோடு ஒட்டி வையுங்கள். கழுத்துப் பட்டையை இழுத்து இறுக்கிப் பிடித்தால் இன்னும் நல்லது.

கையால் ஃபோகஸ் செய்கிறீர்கள் என்றால் காட்சியைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஃபோகஸான விளிம்புகளில் நிறம் காட்டும் பீக்கிங்கை மட்டும் நம்பாதீர்கள், அது சற்றுத் தாராளமாகவே நிறம் பூசும். முக்காலியில் வைத்துப் பூ, பூச்சி எடுக்க எனக்குத் திரைதான் பிடிக்கும்: தொட்ட இடத்தில் ஃபோகஸ், தரையோடு படுக்கவும் வேண்டாம்.

அப்புறம், வெள்ளெழுத்து உள்ளவர்களுக்குத் திரை மங்கலாகத் தெரியும். வ்யூஃபைண்டரில் டயாப்டர் என்ற சிறு திருகைத் திருகிக் கண் பார்வைக்கேற்பச் சரிசெய்யலாம். திரையைப் பார்க்க மூக்குக்கண்ணாடி போட்டே ஆக வேண்டும். உச்சி வெயிலிலும் வ்யூஃபைண்டருக்கே போங்கள்.