ஓகஸ்டில் சிங்கராஜ வேண்டாம்

வணக்கம் ஐயா,

ஓகஸ்ட் விடுமுறைக்குப் பிள்ளைகளோடு சிங்கராஜ வனம் போக நினைத்திருக்கிறோம். இலங்கையில் மட்டுமே வாழும் பறவைகள் முப்பதுக்கு மேல் என்று வாசித்துவிட்டு, மகள் பட்டியலும் எழுதி வைத்திருக்கிறாள். இரண்டு நாளில் எல்லாவற்றையும் பார்க்க முடியுமா? என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

வாசகி, உப்புவெளி

அன்புள்ள சகோதரிக்கு,

எல்லாவற்றையும் முடியாது. பட்டியலில் சில, நுவரெலியா, ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்துக் குளிர்க்காட்டை விட்டு இறங்காதவை. அவற்றை இன்னொரு விடுமுறைக்கு ஒதுக்கச் சொல்லுங்கள்.

அதைவிட முக்கியம் மாதம். திருகோணமலைப் பக்கத்தில் இருக்கிற நமக்கு ஓகஸ்ட் என்றால் வெயிலும் நிலாவெளிக் கடலும். நாட்டின் தென்மேற்கில் இருக்கிற சிங்கராஜ மழைக்காட்டிலோ மே தொடக்கம் தென்மேற்குப் பருவமழை. ஓகஸ்டிலும் அதை நம்ப முடியாது. ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். பள்ளிக்கூடம் விடாது என்றால் ஏப்ரல் விடுமுறைக்குப் போங்கள். பின்னேரம் இடிமழை வரலாம், காலை பெரும்பாலும் கிடைக்கும். சித்திரைப் புத்தாண்டு நாட்களை மட்டும் விடுங்கள், வழிகாட்டிகளுக்கும் வீடு வாசல் இருக்கிறது.

கந்தளாய், ஹபரணை, கண்டி, இரத்தினபுரி, கலவான என்று போய், காட்டின் குடாவ வாசலில் இறங்க ஒரு பகல் சரியாகிவிடும். ஆகவே உங்கள் இரண்டு நாளும் ரோட்டிலேயே முடிந்துவிடும். குடாவவில் இரண்டு இரவாவது தங்குங்கள். நீல மேக்பை என்கிற நீள வால் பறவையைத் தேடி அலைய வேண்டியதில்லை, தங்கும் வீட்டு முற்றத்துக்கே வந்தாலும் வரும்.

காட்டுக்குள் முதலில் ஒன்றுமே தெரியாது. மரம், ஈரம், அட்டை, அவ்வளவுதான். மகள் முகம் சுருங்குவாள். அப்போது வேகமாக நடக்காமல் நின்று காது கொடுங்கள். அங்கே பறவைகள் பல இனமாகச் சேர்ந்து இரை தேடும். பத்துப் பன்னிரண்டு இனம், நாற்பது பறவைகள்கூட ஒரே கூட்டமாக நகரும். செம்மஞ்சள் அலகுத் தவிட்டுக்குருவிகளின் சளசளப்புத்தான் முதலில் கேட்கும், கூடவே கொண்டைக் கரிச்சான். மற்றப் பறவைகளின் குரலையும் எடுத்துவிடுகிற கள்ளன் அவன். காதை மட்டும் நம்பிப் பெயர் சொல்லிவிடாதீர்கள். சத்தம் நெருங்கியதும் மர உச்சியைப் பாருங்கள். செம்முகப் பூங்குயில் இருந்தால் அங்கேதான், சத்தமில்லாமல் கொப்புக்குக் கொப்பு ஏறும். கண்ணைச் சுற்றிச் சிவப்பு, பச்சை அலகு, நீள வாலின் நுனியில் வெள்ளை. சற்று நேரத்தில் கூட்டம் கடந்துவிடும். அந்த நேரத்தில் பட்டியலில் சரி போடுகிற வேலை வேண்டாம் என்று மகளிடம் முன்பே பேசி வையுங்கள்.

கொண்டுபோக அதிகம் இல்லை. எட்டு மடங்கு பைனாக்குலர், அட்டை கடிக்காமல் முழங்கால் வரை போடும் காலுறை, குடை, மங்கிய நிற உடுப்பு. போனில் பறவைக் குரலைப் போட்டு வரவழைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கூடு கட்டி இருக்கிற பறவையை அது அலைக்கழிக்கும். எனக்கு அது கொஞ்சமும் பிடிக்காத வேலை.

அப்புறம், இந்த ஓகஸ்டை வீணாக்க வேண்டாம். உங்கள் பட்டியலில் உள்ள இலங்கைக் காட்டுக்கோழியும் சாம்பல் இருவாய்ச்சியும் நம் பக்கத்து வறண்ட காடுகளிலேயே உண்டு. விடியற்காலையில் ஹபரணை வீதியில் மெதுவாகப் போனால் காட்டோரத்தில் சேவல் கிளறிக்கொண்டு நிற்கும். சிவப்புக் கொண்டையின் நடுவே மஞ்சள் திட்டு இருக்கிறதா என்று மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். யானை குறுக்கிடும் பாதை அது, வாகனத்தை விட்டு இறங்க வேண்டாம்.