கன்சோல் கேம்களுக்கு விமர்சகர்கள் தரும் மதிப்பெண்ணை நம்பி வாங்கலாமா?

'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2' மெட்டாகிரிட்டிக் தளத்தில் 97 பெற்றிருப்பதைப் பார்த்து பிளேஸ்டேஷன் 4-க்கு டிஸ்க் வாங்கியதாகவும், பன்னிரண்டு மணி நேரம் ஆடிய பிறகும் மனம் ஒட்டவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். எல்லோரும் கொண்டாடிய கேம் தனக்கு மட்டும் சலிக்கிறதென்றால் கோளாறு தன் ரசனையிலா, அந்த எண்ணிலா என்பதும், டிஸ்க்கை விற்றுவிடலாமா என்பதும் உங்கள் கேள்விகள்.

உங்கள் ரசனையில் கோளாறு எதுவும் இல்லை. அந்த எண்ணும் பொய் சொல்லவில்லை. நீங்கள் அதனிடம் கேட்ட கேள்வி ஒன்று, அது பதில் சொன்ன கேள்வி வேறு. பிளேஸ்டேஷன் 2 காலத்திலிருந்து கேம் விமர்சனங்களைத் தொடர்ந்து படித்துவருபவன் என்ற முறையில், அந்த வேறுபாட்டை எனக்குத் தெரிந்த வரையில் எழுதுகிறேன்.

மெட்டாகிரிட்டிக் 2001-இல் தொடங்கப்பட்டது. இதழ்களும் தளங்களும் வெளியிடும் விமர்சனங்களைத் திரட்டி, ஒவ்வொன்றின் மதிப்பீட்டையும் நூற்றுக்கு இத்தனை என்று மாற்றி, அதிலிருந்து அது சராசரி காண்கிறது. எல்லா விமர்சனங்களுக்கும் அந்தக் கணக்கில் சம எடை கிடையாது. எந்த இதழுக்கு எவ்வளவு எடை என்பதைத் தளம் வெளியே சொல்வதும் இல்லை. ஐந்து நட்சத்திரத்தில் மூன்று தரும் விமர்சகர், 'குறைகள் உண்டு, ஆனாலும் நல்ல கேம்தான்' என்ற பொருளில் எழுதியிருப்பார்; அங்கே போய்ச் சேரும்போது அது 60 ஆகி, நடுத்தரம் என்று குறிக்கும் மஞ்சள் கட்டத்துக்குள் அடைபட்டுவிடும். கேம் ஒன்று, நல்லது என்று குறிக்கும் பச்சைக் கட்டத்துக்குள் வர 75 வேண்டும். அதே தளத்தில் திரைப்படத்துக்கு 61 போதும். கேம்களுக்குப் பொதுவாகவே மதிப்பெண் தாராளமாக விழுகிறது என்பதைத் தளமே ஒப்புக்கொண்டு வகுத்த எல்லையாகத்தான் இதை நான் பார்க்கிறேன். பத்தாம் வகுப்பில் 35 எடுத்தால் தேர்ச்சி, 60 எடுத்தால் முதல் வகுப்பு என்று பழகிய நமக்கு, 68 பெற்ற கேம் ஓரளவு நல்ல கேம் என்றே தோன்றும். பெரிய நிறுவனங்களின் கேம்களைப் பொறுத்தவரை அது அநேகமாகத் தோல்விக்குச் சமம். நூறு படிகள் உள்ள ஏணியில் மேலே இருக்கும் முப்பது படிகளில்தான் எல்லோரும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

இதைவிட முக்கியமான சிக்கல், சராசரி என்பது கருத்து வேறுபாட்டை மறைத்துவிடும் கணக்கு என்பதே. 2010-இல் வெளிவந்த 'டெட்லி ப்ரெமனிஷன்' என்ற திகில் கேமுக்கு ஐஜிஎன் தளம் பத்துக்கு 2 தந்தது. டிஸ்ட்ரக்டாய்டு தளம் பத்துக்குப் பத்து தந்தது. இரண்டு பேரும் ஒரே கேமைத்தான் ஆடினார்கள், இரண்டு பேரும் தங்கள் முடிவுக்கான காரணத்தை விரிவாக எழுதினார்கள். அவற்றைக் கூட்டி வகுத்தால் 6 வரும்; அந்த 6 இரண்டு பேரில் ஒருவருடைய கருத்தும் அல்ல. அந்தக் கேம் உங்களுக்கு ஏற்றதா என்று அறிய இரண்டு கட்டுரைகளையும் படிப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

உங்கள் கேமுக்கு வருகிறேன். இறந்தவனின் சட்டைப்பையைத் துழாவுவதிலிருந்து மேஜை இழுப்பறையைத் திறப்பது வரை ஒவ்வொரு செயலையும் கேமின் நாயகன் ஆர்தர் மோர்கன் நிதானமாகக் கையால் செய்வதைக் காத்திருந்து பார்க்க வேண்டும்; முகாமுக்குள் ஓட முடியாது; பணிகளில் வகுத்த வழியை விட்டு விலகினால் 'தோற்றுவிட்டீர்கள்' என்று திரை கறுத்துவிடும். இவற்றில் எதையும் விமர்சகர்கள் மறைக்கவில்லை. 2018 அக்டோபரில் வந்த விமர்சனங்களைத் திரும்பப் படித்தால், மிக உயர்ந்த மதிப்பெண் தந்தவர்களே கேம் மெதுவாக நகர்கிறது என்று எழுதியிருப்பதைக் காண்பீர்கள். அந்த நிதானத்தை ஒரு பெரிய நாவலின் நடையைப் போல அவர்கள் ரசித்தார்கள், அவ்வளவுதான். அந்த ரசனை உண்மையானது. உங்கள் சலிப்பும் அதே அளவுக்கு உண்மையானது. உங்களுக்குத் தேவைப்பட்ட செய்தி கட்டுரையில் இருந்தது. 97 என்ற எண்ணுக்குள் அதை வைக்க இடமில்லை.

இதற்கு நேர்மாறான ஓர் எடுத்துக்காட்டு 'டீமன்ஸ் சோல்ஸ்'. பிளேஸ்டேஷன் 3-க்காக ஃப்ரம்சாஃப்ட்வேர் உருவாக்கிய இந்தக் கேம் 2009 பிப்ரவரியில் ஜப்பானில் வெளியானது. அங்கே 1986-இலிருந்து வரும் 'ஃபேமிட்சு' வார இதழுக்கு ஒரு தனி முறை உண்டு: நான்கு விமர்சகர்கள் ஆளுக்குப் பத்து வீதம் மதிப்பெண் தந்து, ஒவ்வொருவரும் ஒரு சிறு பத்தி எழுதுவார்கள், மொத்தம் 40. அந்த நாற்பதையும் முதன்முதலில் பெற்றது 1998-இல் வந்த 'த லெஜண்ட் ஆஃப் செல்டா: ஆக்கரினா ஆஃப் டைம்'. 'டீமன்ஸ் சோல்ஸ்' பெற்றது 29. சோனி இதை வட அமெரிக்காவில் தானே வெளியிட முன்வரவில்லை. அட்லஸ் நிறுவனம்தான் எடுத்து வெளியிட்டது. அங்கே போனதும் கதை மாறியது: மெட்டாகிரிட்டிக்கில் 89 கிடைத்தது, கேம்ஸ்பாட் தளம் அதை அந்த ஆண்டின் சிறந்த கேமாகத் தேர்ந்தெடுத்தது.

நான் இதை ஒரு நண்பரிடம் இரவல் வாங்கி ஆடினேன். முதல் மாலை முழுவதும் போலட்டேரியா அரண்மனையின் முதல் பகுதியைத் தாண்ட முடியவில்லை. செத்தால், கேமில் காசாகப் பயன்படும் ஆன்மாக்களில் சேர்த்தவை எல்லாம் செத்த இடத்திலேயே கிடக்கும், உயிரளவு பாதியாகிவிடும், தொடங்கிய இடத்திலிருந்து மறுபடியும் நடக்க வேண்டும். அன்றிரவு யாராவது என்னிடம் மதிப்பெண் கேட்டிருந்தால் ஃபேமிட்சு தந்ததைவிடக் குறைவாகத்தான் தந்திருப்பேன். மூன்றாம் நாள், ஓர் அடைபட்ட வாயிலை உள்ளிருந்து திறந்து, அது நான் நூறு முறை கடந்துபோன தொடக்க இடத்துக்கே குறுக்குவழியாக வந்து சேர்வதைக் கண்டபோதுதான், இந்தக் கேம் என்னிடம் என்ன எதிர்பார்க்கிறது என்று புரிந்தது. மற்ற ஆட்டக்காரர்கள் தரையில் எழுதிவைக்கும் எச்சரிக்கைக் குறிப்புகளும், அவர்கள் எப்படிச் செத்தார்கள் என்று காட்டும் ரத்தக் கறைகளும் இதில் ஒரு பெரிய பகுதி. ஊரே சேர்ந்து ஆடும்போதுதான் அவற்றுக்கு உயிர் வரும். வெளியீட்டுக்கு முன்பே சில பேர் மட்டும் ஆடிப் பார்த்து எழுத வேண்டிய வார இதழ் விமர்சகருக்கு அந்த அனுபவம் எப்படிக் கிடைத்திருக்கும்? அவர்களை நான் குறை சொல்லவில்லை. மதிப்பெண் என்பது ஒரு குறிப்பிட்ட தேதியில், குறிப்பிட்ட சூழலில் எடுத்த படம் என்பதற்காகச் சொல்கிறேன். 2016-இல் பிளேஸ்டேஷன் 4-இல் வந்த 'நோ மேன்ஸ் ஸ்கை' அப்போது பெற்ற 71-உடன்தான் இன்றும் அந்தப் பக்கத்தில் நிற்கிறது. ஆண்டுக்கணக்காக வந்த இலவசப் புதுப்பிப்புகள் அந்தக் கேமை வேறொன்றாகவே மாற்றிவிட்ட பிறகும் அந்த எண் மாறவில்லை.

இவ்வளவு குறை சொன்னாலும் மதிப்பெண் ஒரு விஷயத்தில் பயன்படும் என்று நெடுநாள் நம்பியிருந்தேன்: கேம் முழுமையாக முடிக்கப்பட்டிருக்கிறதா, தடையில்லாமல் ஓடுகிறதா என்பதையாவது அது சொல்லிவிடும் என்ற நம்பிக்கை. 2020 டிசம்பரில் அதுவும் ஆட்டம் கண்டது. போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் உருவாக்கிய 'சைபர்பங்க் 2077' டிசம்பர் 10 அன்று வெளியானது. அதற்கு முன்பு விமர்சகர்களுக்குக் கிடைத்தது பிசி பதிப்பு மட்டுமே. தாங்கள் ஆடியதைப் பதிவு செய்து காட்டவும் முதலில் அவர்களுக்கு அனுமதி இல்லை, நிறுவனம் தந்த காட்சிகளைத்தான் பயன்படுத்த வேண்டியிருந்தது. அந்த விமர்சனங்களின் உயர்ந்த மதிப்பெண்களைப் பார்த்துப் பழைய பிளேஸ்டேஷன் 4-க்கும் எக்ஸ்பாக்ஸ் ஒன்னுக்கும் முன்பதிவு செய்தவர்கள், தெளிவில்லாத முகங்களையும், திக்கித் திணறும் காட்சிகளையும், அடிக்கடி நின்றுபோகும் கேமையும்தான் பெற்றார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. வெளியான சுமார் ஒரு வாரத்தில் சோனி தன் இணையக் கடையிலிருந்து கேமையே எடுத்துவிட்டு, கேட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தது. அடுத்த ஆண்டு ஜூனில்தான் அது கடைக்குத் திரும்பியது. பிசி பதிப்பு 86, பிளேஸ்டேஷன் 4 பதிப்பு 57 என்று மெட்டாகிரிட்டிக்கில் இன்றும் பார்க்கலாம். ஒரே பெயர், ஒரே கதை, இடையில் 29 புள்ளி. கன்சோலில் ஆடுபவர் ஒரு மதிப்பெண்ணைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'இது என் இயந்திரத்தில் ஆடிப் பார்த்துத் தந்ததா?' என்பதே. பதில் இல்லையென்றால் அந்த எண் உங்களுக்குரியது அல்ல.

தடைக்காலம் என்பதையும் கவனியுங்கள். விமர்சனம் எந்த நாள், எந்த மணிக்குப் பிறகு வெளிவரலாம் என்பதைக் கேம் நிறுவனமே நிர்ணயிக்கும். வெளியீட்டுக்கு ஒரு வாரம் முன்பே விமர்சனங்களை அனுமதிக்கும் நிறுவனம் தன் சரக்கை நம்புகிறது என்று பொதுவாகக் கொள்ளலாம். 2014 நவம்பரில் 'அசாசின்ஸ் க்ரீட் யூனிட்டி' அமெரிக்காவில் விற்பனைக்கு வந்து பன்னிரண்டு மணி நேரம் கழிந்த பிறகே விமர்சனங்கள் வெளிவர முடிந்தது. அதற்குள் வாங்கியவர்கள் வாங்கிவிட்டார்கள்.

பணத்தின் அழுத்தத்தைப் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 'கேன் அண்ட் லிஞ்ச்' என்ற கேமுக்கு 6 தந்த பிறகு, 2007-இல் கேம்ஸ்பாட்டின் ஜெஃப் கெர்ஸ்ட்மன் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அந்தக் கேமின் விளம்பரம் அப்போது அதே தளத்தில் பெரிதாக ஓடிக்கொண்டிருந்தது. விளம்பரதாரர்களின் நெருக்கடிக்கு நிர்வாகம் பணிந்ததை 2012-இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். ஆனால் என்னை அதைவிட வருத்தியது எதிர்த்திசையில் நடந்தது: 'ஃபால்அவுட்: நியூ வேகஸ்' கேமை உருவாக்கிய அப்சிடியன் குழுவுக்கு, மெட்டாகிரிட்டிக்கில் 85 வந்தால் மட்டுமே ஊக்கத்தொகை என்று ஒப்பந்தம் இருந்ததாக அதன் உருவாக்கத்தில் இருந்த கிறிஸ் அவெல்லோன் கூறினார். வந்தது 84. எங்கோ ஒரு விமர்சகர் 8 தருவதா 8.5 தருவதா என்று யோசித்த சில நிமிடங்கள், அவர் அறியாமலே, வேறு பலருடைய வருமானத்தைத் தொட்டுவிட்டன. இப்படிப்பட்ட சுமையைத் தாங்குவதற்காக உருவான அளவுகோல் அல்ல அது. யூரோகேமர் தளம் 2015-இல் மதிப்பெண் முறையையே கைவிட்டது. 2023-இல் நட்சத்திரங்களோடு திரும்பியது. வாசகர்கள் எண்ணைத் தேடுவதை நிறுத்தப்போவதில்லை என்பதும் உண்மைதான்.

விமர்சகர்களை விட்டு, மெட்டாகிரிட்டிக்கில் பொதுமக்களே போடும் பயனர் மதிப்பெண்ணை நாடலாம் என்று சிலர் சொல்வார்கள். 2020 ஜூனில் 'த லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' வெளியான சில மணி நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் பூஜ்யம் போட்டார்கள். அதை முடிக்கவே இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆடாமலே தந்த மதிப்பெண்கள் அவற்றில் மிகுதி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அடுத்த மாதமே மெட்டாகிரிட்டிக், கேம் வெளியாகி 36 மணி நேரம் கழித்தே பயனர்கள் எழுதலாம் என்று விதியை மாற்றியது.

நான் செய்வது இதுதான். வெளியாகி ஒரு வாரமாவது பொறுத்திருப்பேன். பிறகு மிக உயர்ந்த மதிப்பெண் தந்த ஒரு கட்டுரையையும் மிகக் குறைவாகத் தந்த ஒன்றையும் முழுமையாகப் படிப்பேன். குறைவாகத் தந்தவர் சொல்லும் குறை என்னைப் பாதிக்காத குறை என்றால் வாங்குவேன், அவர் வெறுப்பது நானும் வெறுப்பதென்றால் மற்ற நாற்பது பேர் பாராட்டினாலும் விட்டுவிடுவேன். என் கன்சோலில் எப்படி ஓடுகிறது என்பதை டிஜிட்டல் ஃபவுண்டரியின் காணொளிகளில் பார்ப்பேன். அங்கே ரசனைக்கு இடமில்லை, நொடிக்கு எத்தனை படங்கள் திரையில் ஓடுகின்றன என்ற ஃப்ரேம் கணக்கை அளந்து காட்டுகிறார்கள். குழந்தை தூங்கிய பிறகு ஒலியைக் குறைத்து ஆடுபவன் என்பதால் வசன எழுத்துகளின் அளவும் எனக்கு முக்கியம். எந்த மதிப்பெண்ணும் அதைச் சொன்னதில்லை, சில கட்டுரைகள் ஒரு வரியில் சொல்லியிருக்கின்றன. இப்படிப் படித்துப் படித்து, மூன்று நான்கு விமர்சகர்களின் விருப்பு வெறுப்பு இப்போது எனக்கு நன்கு பழகிவிட்டது. அவர்களில் ஒருவர் மெதுவான கேம்களைக் கொண்டாடுபவர். அவர் பத்துக்குப் பத்து தந்தால் நான் இரண்டு முறை யோசிப்பேன். அவர் என்னோடு உடன்பட வேண்டிய அவசியமே இல்லை, தன் ரசனையில் அவர் நிலையாக இருந்தால் போதும்.

டிஸ்க்கைப் பற்றிக் கேட்டீர்கள். பனிமலையில் நடக்கும் முதல் அத்தியாயத்தோடு நிறுத்தியிருந்தால், இரண்டாம் அத்தியாயத்தில் நிலப்பரப்பு திறக்கும்வரை பொறுத்துப் பாருங்கள் என்று சொல்லியிருப்பேன். பன்னிரண்டு மணி நேரத்தில் அதைக் கட்டாயம் தாண்டியிருப்பீர்கள். குதிரையில் மெல்லப் போவது இதுவரை பிடிக்கவில்லையென்றால், மீதியிருக்கும் பல பத்து மணி நேரமும் அப்படித்தான் இருக்கும். டிஜிட்டலாக வாங்கியிருந்தால் விற்க வழி இருந்திருக்காது, டிஸ்க்காக வாங்கியது நல்லதாகப் போயிற்று. நல்ல விலை கிடைக்கும்போதே கொடுத்துவிடுங்கள்.