படுக்கையறைக்கு இளநீலமா, சந்தன நிறமா?

கேள்வி: எங்கள் படுக்கையறை சிறியது. ஒரே ஜன்னல், நேரடி வெயில் வருவதில்லை. குளிர்ச்சியாக இருக்கும் என்று இளநீலம் அடிக்க விரும்புகிறேன். சந்தன நிறமே பொருந்தும் என்கிறார் என் கணவர். எது சரி?

பதில்: இந்த அறையைப் பொறுத்தவரை நான் உங்கள் கணவர் பக்கம். நேரடி வெயில் படாத அறைக்குள் வருவது பெரும்பாலும் வானத்திலிருந்து சிதறி வரும் வெளிச்சம். அதில் நீலச்சாயல் ஏற்கெனவே தூக்கலாக இருப்பதால், ஷேடு கார்டில் மென்மையாகத் தெரிந்த இளநீலம் சுவரில் ஏறியதும் சாம்பல் பூத்தாற்போல் மங்கிவிட வாய்ப்பு அதிகம். மஞ்சள் கலந்த சந்தன நிறம் அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டும். பிற்பகல் முழுவதும் வெயில் விழும் அறையாக இருந்தால் நீலத்தையே பரிந்துரைத்திருப்பேன்.

நீங்கள் சொல்லும் குளிர்ச்சி கண்ணுக்கு மட்டுமே. உட்சுவரின் நிறத்தை மாற்றுவதால் அறையின் வெப்பம் உணரும்படி குறைந்துவிடாது. வெயில் நேராகத் தாக்கும் மொட்டைமாடிக்கு வெள்ளை அடிப்பது வேறு விஷயம்.

நீலம் சற்று விலகியிருப்பதுபோலவும் சிவப்பு, ஆரஞ்சு போன்றவை நெருங்கி வருவதுபோலவும் தோன்றும் என்பது உண்மைதான். ஆனால், சிறிய அறையை விசாலமாகக் காட்டுவதில் நிறத்தைவிட அதன் வெளிர்மைக்கே பங்கு அதிகம். விழும் வெளிச்சத்தில் எவ்வளவை ஒரு ஷேடு திருப்பித் தருகிறது என்பதை 0 முதல் 100 வரையிலான எல்ஆர்வி எண்ணால் குறிப்பார்கள். எல்ஆர்வி 70 உள்ள சந்தனம், 40 உள்ள நீலத்தைவிட அறையைத் திறந்தாற்போல் காட்டும்.

படுக்கையறையை அதிகம் பார்ப்பது இரவில் என்பதால், பல்பையும் கணக்கில் எடுங்கள். அதன் வெளிச்சம் மஞ்சளா வெள்ளையா என்பதைக் கெல்வின் என்ற அளவில் குறிப்பார்கள். 2700 கெல்வின் மஞ்சள் வெளிச்சத்தில் இளநீலம் பச்சை கலந்தோ அழுக்கேறியோ தெரியலாம். 6500 கெல்வின் வெளிச்சத்தில் சந்தனம் வெளிறிப்போகும். (எண் கூடக்கூட வெளிச்சம் நீலத்தின் பக்கம் போகும், பலரும் இதைத் தலைகீழாகவே நினைத்திருக்கிறார்கள்.)

முடிவெடுக்கும் முன், இரண்டடி அகலமுள்ள வெள்ளை அட்டைகளில் இரண்டு நிறங்களையும் இரண்டு கோட்டிங் அடித்துக் காயவிடுங்கள். பழைய சுவரின் மேலேயே அடித்துப் பார்த்தால் சுற்றியுள்ள நிறம் கண்ணை ஏமாற்றும். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரிலும் ஜன்னல் உள்ள சுவரிலும் அட்டைகளை மாற்றி மாற்றிச் சாய்த்து, பகலிலும் விளக்கு போட்ட பிறகும் பாருங்கள். நான்கு சுவர்களும் ஒன்றின் நிறத்தை மற்றொன்றின் மேல் எதிரொளிப்பதால், அடித்து முடித்தபின் நிறம் அட்டையில் கண்டதைவிட அடர்த்தியாகவே தெரியும். எனவே பிடித்ததற்கு ஒரு படி வெளிர் ஷேடை வாங்குங்கள். பல்பை மாற்றும் எண்ணம் இருந்தால், இந்தச் சோதனைக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.