சூரியோதயம் போதும் ஐயா, பாண் ஆட்டோவை எடுங்கள்

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். தபால் சேவையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். மகன் கனடாவில், மகள் லண்டனில். காலையில் நடக்கப் போகும்போது கைபேசியில் படம் எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவேன். மாதத்தில் ஒரு தடவையாவது பஸ்ஸிலோ ரயிலிலோ எங்காவது போய்வருவேன். அதையும் எடுத்துப் போடுவேன். "அப்பா, எல்லாப் படமும் ஒரே மாதிரி இருக்கிறது" என்கிறான் மகன். அங்கே போய்ச் சேரும்போது படங்கள் மங்கிவிடுகின்றன என்றும் சொல்கிறான். நண்பர் ஒருவர் தன் பழைய கமராவை விற்கிறார், வாங்கலாமா? ஆட்களைப் படம் எடுக்கவும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: கேள்வியோடு நீங்கள் அனுப்பியிருந்த இருபது படங்களையும் பார்த்தேன். பதினொன்று சூரியோதயம். நான்கு மான். மூன்று கோணேசர் கோயில். ஒன்று உங்கள் முகம், அதிலும் பாதி நெற்றி. இருபதாவது படத்தைத் தவறுதலாகச் சேர்த்துவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். வீட்டுப் படலையடியில், பாட்டுப் போட்டுக்கொண்டு தெருத்தெருவாகப் பாண் விற்கும் ஆட்டோ நிற்கிறது. வீட்டம்மா கையில் சில்லறையை வைத்துக்கொண்டு குனிந்து கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்கிறார். மதிலில் ஒரு பூனையும் அதே பெட்டியைத்தான் பார்க்கிறது. படம் சற்று ஆடியிருக்கிறது. ஆனாலும் இருபதில் சிறந்தது அதுதான்.

உங்கள் மகனுக்குக் கடல் மறந்துபோகவில்லை. கோணேசர் மலையும் அப்படியே மனதில் இருக்கும். படலைக்கு எப்போது பச்சை வர்ணம் பூசினீர்கள், அம்மாவுக்கு இப்போது பாண் வாங்கக்கூடக் கண்ணாடி தேவைப்படுகிறதா, அந்தப் பூனை யாருடையது என்பதெல்லாம்தான் அவருக்குத் தெரியாது. சூரியன் எல்லோருக்கும் பொது. பாண் ஆட்டோவின் பாட்டைக் கேட்டு அம்மா வாசலுக்கு வருவது உங்கள் வீட்டில் மட்டும்தான் நடக்கிறது. ஆகவே படங்கள் ஒரே மாதிரி இருப்பதற்குக் கைபேசி காரணமில்லை. நீங்கள் இடத்தை எடுக்கிறீர்கள். அங்கே நடப்பதை எடுப்பதில்லை.

இதற்கு நம் ஊரிலேயே ஒரு சாட்சி உண்டு. கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. 396 மீற்றர், நாட்டிலேயே நீளமான பாலம் என்று அதை எடுக்காத ஆள் இல்லை. அதற்கு முன்னர் எத்தனை ஆண்டுகள் ஆட்களை அக்கரை சேர்க்கும் படகுப்பாதையில் ஏறி இறங்கினோம்! சைக்கிளும் மூட்டையும் பள்ளிப் பிள்ளைகளுமாக அதில் நின்ற படம் எத்தனை வீடுகளில் இருக்கிறது? யாரும் எடுக்கவில்லை, ஏனென்றால் அது தினமும் நடந்தது. இன்று அப்படி ஒரு படம் கையில் இருந்தால் நான் சட்டம் போட்டு மாட்டுவேன். எது நாளைக்கு இல்லாமல் போகும் என்று முன்கூட்டித் தெரியாது. அதனால் தினமும் நடப்பதை எடுத்து வையுங்கள்.

கொழும்பு லயனல் வென்ட் அரங்கின் பெயரையாவது கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த வென்ட் (1900–1944) சட்டம் படித்தவர், பியானோக் கலைஞர். அவருடைய ஒளிப்படங்கள் இன்றும் பேசப்படுவதற்கு ஒரு காரணம், அந்தக் காலத்துச் சாதாரண மனிதர்களை அவர் நின்று நிதானமாகப் பார்த்திருக்கிறார் என்பது.

இனி வெளிச்சம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த விடயத்தில் திருகோணமலை கொடுத்துவைத்த ஊர். நகரம் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. கிழக்கே திறந்த கடல், மேற்கே உட்துறைமுகம். காலையில் டச்சுக் குடாக் கரையில் சூரியன் நீரிலிருந்து எழுவதைப் பார்க்கலாம். அதே நாள் மாலை நகரத்தைக் குறுக்கே நடந்து உட்துறைமுக வீதிக்குப் போனால், துறைமுக நீரின் மேல் அது இறங்குவதையும் பார்க்கலாம். நீங்கள் காலையை மட்டும் எடுக்கிறீர்கள். அதிலும் சூரியனையே எடுக்கிறீர்கள். ஒரு காலை அதற்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். அந்த வெளிச்சம் எதன்மேல் விழுகிறது என்று பாருங்கள்: வள்ளத்தின் பக்கவாட்டு, வலை தைக்கும் கைகள், தேநீர்க்கடையில் எழும் ஆவி. சூரியோதயத்தின் அழகு பாதிக்கு மேல் சூரியனுக்கு எதிர்ப்பக்கத்தில்தான் இருக்கிறது.

நேரம் குறைவு என்பதையும் நினைவில் வையுங்கள். நமக்கு ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 5.45 இற்கும் 6.25 இற்கும் இடையில் சூரியன் உதித்துவிடும். நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அது சாயாமல் நேரே மேலே ஏறுகிறது, மணிக்குச் சுமார் 15 பாகை. ஒரு மணித்தியாலத்துக்குள் அந்த மென்மை போய்விடும். கனடாவில் மாலை வெளிச்சம் வெகுநேரம் நிற்கிறது என்று மகன் சொல்லியிருக்கலாம். இங்கே அந்தச் சலுகை கிடையாது.

நண்பகலில் என்ன செய்வது? ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஓகஸ்ட் கடைசியிலும் சூரியன் நமக்கு நேர் உச்சியில் நிற்கும். புத்தாண்டுக்கு வந்த உறவினரை மதியம் முற்றத்தில் நிறுத்திப் படம் எடுத்தால், எல்லோருக்கும் கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு குழிகள்தான் தெரியும். அவர்களைத் திண்ணைக்கு, விறாந்தைக்கு, வேம்பின் நிழலுக்குக் கூட்டிப் போங்கள். நிழலின் ஓரத்தில், முகம் வெளிப்பக்கம் பார்க்க நிற்கட்டும். முற்றத்து மணலில் பட்டுத் தெறிக்கும் வெளிச்சமே முகத்துக்குப் போதும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகலில் தூரக் காட்சிகள் தூசியில் மங்கிக் கிடக்கும். அப்போது தூரத்தை விட்டுவிட்டு அருகில் உள்ளதை எடுங்கள். (நம் பக்கத்தில் கச்சான் என்றால் காற்றும்தான், நிலக்கடலையும்தான். கோயில் வாசலில் கச்சான் வறுப்பவரின் தாச்சியும் நல்ல படம்.) மாரியில் படம் எடுக்க முடியாது என்று பலர் சொல்வார்கள். எனக்கு அந்த மாதங்களே பிடிக்கும். மழை விட்டதும் காற்று கழுவிவிட்டதுபோல இருக்கும், நனைந்த தெருவில் கடை விளக்குகள் இரட்டிப்பாகும்.

கைபேசியில் நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியது ஒரேயொரு வித்தைதான். எதைக் காட்டினாலும் அதை நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவர கைபேசி பாடுபடும். அதனால்தான் வெண்மணல் சாம்பலாகிறது, அந்தி மாலை பகல்போல வெளிறிவிடுகிறது, கடலுக்கு முன்னே நிற்கும் மனிதர் கரிக்கட்டையாகிறார். திரையில் உங்களுக்கு முக்கியமான இடத்தைத் தொடுங்கள். பெரும்பாலான கைபேசிகளில் பக்கத்திலேயே ஒரு சூரியக் குறி வரும். அதை விரலால் மேலே இழுத்தால் வெளிச்சம் கூடும், கீழே இழுத்தால் குறையும். உங்கள் பதினொரு சூரியோதயங்களிலும் வானம் வெளுத்துப்போயிருக்கிறது. கொஞ்சம் கீழே இழுத்திருந்தால் நிறம் தங்கியிருக்கும்.

இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கி எடுப்பதைக் கூடியவரை விடுங்கள். தனித் தொலைவு லென்ஸ் இல்லாத கைபேசியில் அது படத்தின் நடுவை வெட்டி ஊதிக் காட்டுகிறது, அவ்வளவுதான். கால் இருக்கும்போது விரல் எதற்கு? பிரெட்ரிக் கோட்டையின் புள்ளிமான்களை நீங்கள் நின்ற உயரத்திலிருந்து எடுத்திருக்கிறீர்கள், முதுகுதான் தெரிகிறது. குந்துங்கள். முழங்கால் ஒத்துழைக்காவிட்டால் கைபேசியை மட்டும் தாழ்த்திப் பிடியுங்கள். படத்துக்காகத் தீனி போட்டு அழைக்க வேண்டாம், ஏற்கெனவே பொலித்தீனைத் தின்று அவை படும் பாடு போதும். திமிங்கிலம் பார்க்கப் படகில் போனால் திமிங்கிலத்தை எடுக்க மெனக்கெடாதீர்கள். திரையில் அது மிதக்கும் கட்டைபோலத்தான் இருக்கும். அது மூச்சு விடும் கணத்தில் படகில் இருக்கும் பிள்ளைகளின் முகங்களை எடுங்கள்.

அடுத்தது உப்பு. கடற்கரையில் அரைமணி நேரம் நின்றால் லென்சின் மேல் மெல்லிய உப்புப்படலம் படியும். உங்கள் படங்களில் பாதி மங்கல் அதுதான், வாட்ஸ்அப் மேல் மட்டும் பழி போட வேண்டாம். சட்டையால் தேய்க்காதீர்கள், மணல் கீறிவிடும். முதலில் ஊதிவிட்டு, பிறகு சுத்தமான மென்துணியால் ஒற்றித் துடையுங்கள். தண்ணீர் புகாத கைபேசி என்று கடையில் சொன்னாலும் புறாத்தீவில் அதோடு கடலில் இறங்காதீர்கள். அந்தத் தரச் சோதனைகள் நன்னீரில் நடப்பவை.

வாட்ஸ்அப்பும் குற்றவாளிதான். சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். அனுப்பும்போது எச்டி என்ற தெரிவை அழுத்தினால் பரவாயில்லை. அசல் அப்படியே போக வேண்டுமென்றால் படமாக அல்லாமல் 'ஆவணம்' என்று இணைத்து அனுப்புங்கள். ஒரு எச்சரிக்கை: அப்படி அனுப்பும்போது, எடுத்த இடத்தின் தகவல் படத்துக்குள் பதிந்திருந்தால் அதுவும் கூடவே போகும். பிள்ளைகளுக்கு என்றால் பயமில்லை. பலரும் பார்க்கும் இடத்தில் போடுவதானால் கமரா அமைப்பில் இடப்பதிவை நிறுத்திவிடுங்கள். ஊருக்குப் போயிருக்கும்போதே பயணப் படங்களை எல்லோருக்கும் காட்டினால், வீடு பூட்டியிருக்கிறது என்று நீங்களே பறை அறைந்த மாதிரி. திரும்பி வந்து போடலாம், படம் புளித்துப் போகாது.

கூச்சத்துக்கு வருகிறேன். அது நல்ல குணம், முழுதாக விட்டுவிட வேண்டாம். கரைவலை இழுக்கும் இடத்துக்குப் போனதும் கைபேசியை எடுக்காதீர்கள். வலை கரைக்கு வர நெடுநேரம் ஆகும். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள், முடிந்தால் கயிற்றில் ஒரு கை கொடுங்கள். பிறகு "ஒரு படம் எடுக்கட்டுமா தம்பி?" என்று கேட்டால் யாரும் மறுப்பது அபூர்வம். முதல் இரண்டு படத்துக்கு எல்லோரும் விறைப்பாக நிற்பார்கள். அதையும் எடுங்கள், அது அவர்களுக்கான படம். அதன்பின் உங்களை மறந்து வேலையைத் தொடர்வார்கள். மீன் சேர்ந்த வலையின் மடி கரையேறும் நேரத்தில் உங்களுக்கான படம் கிடைக்கும். சந்தையில் பெண்கள் தலையசைத்து வேண்டாம் என்றால் அங்கேயே முடிந்தது, தராசையும் காய்கறியையும் எடுங்கள். பிறர் பிள்ளைகளின் படத்தைப் பெற்றோரைக் கேட்காமல் யாருக்கும் அனுப்பக் கூடாது. கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகளையும் எடுக்கலாம், நீராடுபவர்களை எடுக்காதீர்கள். கடற்படை, இராணுவ இடங்களின் பக்கம் கைபேசி சட்டைப்பையிலேயே இருக்கட்டும், கோட்டைக்குள் இருக்கும் இராணுவ இடங்களின் பக்கமும் அப்படித்தான். கோயிலுக்குள்ளே எடுக்கலாமா என்று கேட்டுவிட்டே எடுங்கள்.

பயணப் படங்களுக்கு ஒரு வார்த்தை. ரயில் யன்னலால் எடுத்தால் பக்கத்து மரங்கள் எல்லாம் பச்சைக் கோடுகளாகிவிடும். பக்கத்தில் உள்ளது வேகமாக ஓடும், தூரத்தில் உள்ளது நிற்கும். தம்பலகாமத்து வயல்வெளியை எடுப்பதானால் அடிவானத்தைக் குறிவையுங்கள். அதைவிட, பெட்டிக்குள்ளே திரும்புங்கள்: வடைக்காரர், தோளில் சாய்ந்து தூங்கும் பிள்ளை, டிக்கெட்டைச் செருகியிருக்கும் சட்டைப்பை. ஓரிடத்துக்குப் போய் நாற்பது படம் அனுப்பாதீர்கள். ஐந்து போதும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதுங்கள். யார், எங்கே, எந்த நாள், அப்போது என்ன பேசிக்கொண்டீர்கள் என்று. தபாலில் இருந்தவருக்கு இதை நான் சொல்லித்தர வேண்டுமா?

கமராவை இப்போது வாங்க வேண்டாம். தூரத்துப் பறவை, இரவுத் திருவிழாவில் ஆடும் காவடி, சுவர் அளவுப் பிரதி: இந்த மூன்றில் ஒன்றுக்காவது கைபேசி போதவில்லை என்று ஆறு மாதம் கழித்தும் தோன்றினால் வாங்கலாம். அப்போதும் நண்பரின் லென்சை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, உள்ளே சிலந்திவலை போலப் பூஞ்சணம் இருக்கிறதா என்று பாருங்கள். நம் கடற்கரை ஈரத்தில் என் முதல் லென்ஸ் அலுமாரிக்குள் இருந்தே அப்படித்தான் போனது. இப்போது காற்றுப் புகாத சாப்பாட்டுப் பெட்டியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளோடு வைக்கிறேன்.

அந்தக் காசில் பிரதி போடுங்கள். இடப்பெயர்விலும் 2004 ஆழிப்பேரலையிலும் ஆல்பங்களைப் பறிகொடுத்த வீடுகள் நம் ஊரில் எத்தனை என்று உங்களுக்கும் தெரியும். ஆகவே கைபேசியில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று, மகளின் கணினியில் ஒன்று என்று வையுங்கள். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி, அதை மின்னஞ்சலும் பங்கு போட்டுக்கொள்ளும். மாதம் பத்துப் படமாவது ஸ்டூடியோவில் கொடுத்துக் கடதாசியில் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாண் ஆட்டோப் படத்தில் இரண்டு பிரதி போடச் சொல்லுங்கள். ஒன்றை நாளைக் காலையில் பாண்காரத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, இன்னொரு படம் எடுக்கலாமா என்று கேளுங்கள்.