நவம்பர் 1 தமிழ்நாட்டு வரலாற்றில் ஏன் முக்கியமான நாள்?

நான் குமரி மாவட்டத்துக்காரன். எங்கள் ஊர்ப் பக்கம் நவம்பர் 1-ஐத் ‘தாய்த்தமிழகத்தோடு இணைந்த நாள்’ என்றுதான் சொல்வோம், அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1956-ல் மொழிவழி மாநிலங்கள் நடைமுறைக்கு வந்த நாள் அது. அதுவரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆனது, செங்கோட்டையின் ஒரு பகுதி திருநெல்வேலியோடு சேர்ந்தது. யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை இது. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நேசமணி தலைமையில் வருஷக்கணக்காகப் போராடியது, 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் எங்கள் ஆட்கள் செத்தார்கள். அப்போது அங்கே முதலமைச்சர் பட்டம் தாணுப்பிள்ளை.

கேட்டதெல்லாம் கிடைக்கவும் இல்லை. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. முல்லைப் பெரியாறு அணை இருப்பதே பீர்மேடு தாலுகாவில்தான், பிறகு வந்த சண்டையெல்லாம் உங்களுக்கே தெரியும். நெய்யாற்றின்கரையும் அந்தப் பக்கமே நின்றுவிட்டது. நெய்யாறு அணையிலிருந்து இடதுகரைக் கால்வாய் வழியாக விளவங்கோட்டு வயல்களுக்கு வந்துகொண்டிருந்த தண்ணீர் 2004-ல் நின்றுபோனது, அந்தக் கடைமடை விவசாயிகளின் கஷ்டத்தைப் பற்றிச் சென்னையில் யாரும் பேசி நான் கேட்டதில்லை.

அதே நாளில் மலபாரும் தென்கன்னடமும் கொள்ளேகாலும் சென்னை மாநிலத்தை விட்டுப் போயின. திருத்தணி வந்து சேர 1960 ஏப்ரல் 1 வரை ஆனது. அப்புறம், புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி நடைமுறையில் முடிந்ததும் ஒரு நவம்பர் 1-ல்தான், 1954-ல்.

பெயர் விஷயம் தனி. ‘தமிழ்நாடு’ என்று பெயர் வை என்பதையும் ஒரு கோரிக்கையாக வைத்து விருதுநகரில் உண்ணாவிரதம் இருந்த சங்கரலிங்கனார் 1956 அக்டோபர் 13-ல் இறந்தார். மூன்று வாரம்கூட ஆகவில்லை, புது எல்லையோடு மாநிலம் பிறந்தது, பெயர் மட்டும் பழைய சென்னை மாநிலம்தான். சட்டமன்றத் தீர்மானம் 1967 ஜூலை 18-ல் வந்தது, பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14-ல்.

2019-ல் நவம்பர் 1-ஐத் தமிழ்நாடு நாளாகக் கொண்டாடினார்கள், 2021-ல் அதை ஜூலை 18 என்று மாற்றி அறிவித்தார்கள். பெயருக்கு ஜூலை 18 சரி, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் புதுக்கடையில் விழுந்தவர்களைப் பற்றி நவம்பர் 1 அன்றாவது மதுரையிலும் கோவையிலும் இருக்கும் பள்ளிக்கூடங்களில் சொல்லிக் கொடுக்க வேண்டும்.