கேள்வி - பதில்

கேள்வி: நன்னெறிப் பாடத்தில் பல சமயங்களைப் பற்றிச் சொன்னால், மாணவர்கள் பண்டிகைப் பெயர்களை மனப்பாடம் செய்வதோடு சரி. பண்பாட்டு உளவியல் உதவுமா? – ஆசிரியை, பட்டர்வொர்த்

பதில்: உதவும். வளரும் பண்பாடு நம் எண்ணத்தையும் நடத்தையையும் எப்படி வடிவமைக்கிறது என்று பார்க்கும் துறைதானே அது! கோட்பாட்டில் தொடங்காதீர்கள், தூங்கிவிடுவார்கள்! ‘நான்…’ என்று தொடங்கும் 20 வாக்கியங்களை எழுதச் சொல்லுங்கள். 1954-இல் கூன், மெக்பார்ட்லண்ட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனை இது. ‘நான் கெட்டிக்காரி’ என்று தன் குணத்தைச் சொன்னவர்கள் எத்தனை பேர், ‘நான் வீட்டுக்கு மூத்தவள்’, ‘நான் முருக பக்தன்’ என்று குடும்பத்தையோ சமயத்தையோ சொன்னவர்கள் எத்தனை பேர் என எண்ணிப் பார்த்தாலே வகுப்பில் பேச்சு தானாகக் கிளம்பும். ‘சீனர்கள் இப்படித்தான்’ என்று யாராவது முடிவு கட்டினால், குழுவின் சராசரி வேறு, பக்கத்து நாற்காலித் தோழி வேறு என்று அங்கேயே நிறுத்துங்கள். அப்புறம் பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனுக்குக் கூட்டிப்போங்கள். கப்பித்தான் கெலிங் மசூதி, சீனர்களின் குவான் யின் கோயில், மகா மாரியம்மன் கோயில், செயிண்ட் ஜார்ஜ் தேவாலயம் எல்லாம் நடை தூரம்தான்.