பிரிட்ஜ் சீட்டாட்டத்தில் 55% எடுத்தும் மாஸ்டர் பாயின்ட் வரவில்லையே, ஏன்?

புதுச்சேரியில் ஆறு மேசை போட்டு ஜோடிப் போட்டி ஆடினீர்கள், 55% வந்தும் மாஸ்டர் பாயின்ட் (போட்டிகளில் சேர்த்துக்கொள்ளும் தகுதிப் புள்ளி) இல்லை என்கிறீர்கள். இரண்டும் வேறு கணக்கு.

சதவீதம் மேட்ச்பாயின்டிலிருந்து வருவது. அதே சீட்டை உங்கள் திசையில் (வடக்கு-தெற்கு அல்லது கிழக்கு-மேற்கு) ஆடிய மற்ற ஐந்து ஜோடிகளோடு ஒப்பிடுவார்கள்: மிஞ்சினால் 2, சமம் என்றால் 1. ஆக ஒரு போர்டுக்கு, அதாவது எல்லா மேசையிலும் ஆடும் ஒரு சீட்டுப் பங்கீட்டுக்கு, உச்சம் 10. முதல் போர்டில் யாரும் வல்னரபிள் (போனஸும் அபராதமும் கூடும் நிலை) இல்லை. நான்கு இஸ்பேடு (இஸ்பேடு துருப்பு, பத்துப் பிடி) கேட்டுச் சரியாக எடுத்தால் 420. மூன்று நோ டிரம்பில் (துருப்பு இல்லை, ஒன்பது பிடி) ஒரு பிடி கூடுதலாக எடுத்தால் 430. ஆறு ஜோடிகளின் ஸ்கோர் 430, 420, 420, 420, 170, -50 என்றால், 430-க்கு 10 கிடைக்கும், 420-க்கு 6 தான். பத்தே புள்ளி வித்தியாசம், ஆனால் போர்டில் 40% போச்சு! கூடுதல் பிடிக்கு இவ்வளவு அடிதடி அதனால்தான்.

மாஸ்டர் பாயின்ட் பொதுவாக இடத்தைப் பார்த்துத் தருவது. எத்தனை மேசை, எந்த மட்டப் போட்டி என்பதைப் பொறுத்து அளவு மாறும். 55% எடுத்தும் இடம் பின்தங்கினால் கை வெறுமையாகவே இருக்கலாம். வந்தது சேர்ந்துகொண்டே போகும்; செஸ் ரேட்டிங் இறங்கும், இது பொதுவாக இறங்காது. எனவே நிறையப் புள்ளி வைத்திருப்பவர் இன்றைக்கும் நன்றாக ஆடுவார் என்று பயப்பட வேண்டாம்.

ஸ்கோர் தாளையும் பாருங்கள். வல்னரபிள் என்று நினைத்து 420-ஐ 620 என்று எழுதினால் எல்லார் கணக்கும் குழம்பும். அமைப்பாளர் வேறு நேரம் சொல்லாவிட்டால், முடிவு பார்வைக்கு வந்த 30 நிமிடத்துக்குள் திருத்தம் கேட்க வேண்டும்.